அமாவாசை அன்று அடித்த பேஜர்

கோட்டூர்புரம், சென்னை
2-12-1998

சாரு மேடத்துக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இப்போது அதற்கு மனசு வரவில்லை. அடுத்த கடிதத்தில் சேர்த்து விசாரித்துக்கொள்கிறேன்.

இனிமேல் என் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் பண்ணாதீர்கள். நேற்று நீங்கள் பேசும்போது நான் ஆமாம், இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கோபித்துக்கொண்டீர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவானை நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஹவுசிங் போர்டில் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து கம்ப்யூட்டரம்மா பேசுகிறார் என்றதும் ஏதோ வழி பிறந்துவிட்டது என்று அத்தனை பேர் முகத்திலும் ஓர் எதிர்பார்ப்பு. நீங்கள் ‘ஐ ஆம் ஸோ ஸாரி’ என்றீர்கள். அதை நான் அவர்களுக்கு எப்படிச் சொல்வது? அதனால் எழுதுங்கள். படித்துவிட்டு, யாருக்கு எதைச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

போனில் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். போன மாதம் பத்தொன்பதாம் தேதி அமாவாசை. விடிந்து கொஞ்ச நேரத்தில் பேஜர் அடித்தது. 3, 1, 1. அதற்குப் பின்னால் அந்த தி.நகர் சைட் ஆபீசின் போன் நம்பர். எல்லாம் வேலைக்கு ஆள் கூப்பிட நீங்கள் போட்டுக் கொடுத்த கணக்குதான். மூன்று என்றால் தி.நகர், நடுவில் ஒன்று என்றால் கொத்தனார், கடைசி ஒன்று ஒரே ஒரு ஆள். முறையில் முதல் பெயர் துரைராஜ். அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தேவானை, அமாவாசையும் அதுவுமாக எவன் கரணையைத் தொடுவான் என்று சண்டை போட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டே பெண்டாட்டிக்குச் சொன்ன பதில் இதுதான்: “போன அமாவாசிக்குப் போவலன்னு என்னத் தூக்கிக் கடைசில போட்டானுங்க. மறுபடி மேல வர்றதுக்குள்ள மழை வந்துடுச்சு. இந்தத் தபா போய்ட்டு வந்துர்றேன், வுடு.”

மூன்றாவது மாடி வெளிப்பூச்சு. சாரக் கம்பு மழையில் ஊறிப்போய் இருந்திருக்கிறது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை.

இப்போது பில்டர் என்ன சொல்கிறார் தெரியுமா? அமாவாசைக்கு எங்கள் சைட்டில் வேலையே கிடையாது, எந்தக் கொத்தனாரும் வரவும் மாட்டான், நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கம்பி திருட வந்தவன் தவறி விழுந்துவிட்டான் என்கிறார். பார்த்த ஒரே ஆள் சைட் வாட்ச்மேன். அவன் மறுநாளே ஊருக்குப் போய்விட்டான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

நாம் ஓடியாடி வாங்கிக் கொடுத்த கட்டடத் தொழிலாளர் நல வாரிய கார்டு துரைராஜ் பெயரில் இருக்கிறது. ஆனால் வேலையில் இருந்தபோது செத்தான் என்று நிரூபித்தால்தான் தேவானைக்கு விபத்து உதவி கிடைக்கும். இல்லாவிட்டால் திருடனின் பெண்டாட்டி என்ற பெயர்தான் மிஞ்சும்.

அவனைக் கூப்பிட்டார்கள் என்பதற்கு இந்த ஊரில் ஒரே சாட்சி அந்த மெசேஜ். தேதியும் நேரமும் போன் நம்பருமாக பேஜருக்குள் இருக்கிறது. ஆனால் இதில் பதினாறுக்கு மேல் நிற்காது, புதிது ஒன்று வந்தால் பழையது ஒன்று போய்விடும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அது மேலிருந்து பன்னிரண்டாவதாக இருந்தபோது அணைத்துவிட்டேன். அணைத்து எட்டு நாள் ஆகிறது. பேஜரை நம்பியிருக்கிற முப்பத்தெட்டு பேருக்கும் எட்டு நாளாகக் கூப்பாடு இல்லை.

என்ன செய்வது என்று எழுதுங்கள்.

லாரன்ஸ்


எடிசன், நியூ ஜெர்சி
13-12-1998

அன்புள்ள லாரன்ஸ்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுத முடியவில்லை. முதலில் உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன். அணைத்தது சரி. அணைத்தால் மெசேஜ் அழியாது. ஆனால் பேட்டரியைக் கழற்றாதீர்கள். தீர்ந்துபோனால், புதிய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு சட்டென்று மாற்றுங்கள், ஒரு நிமிஷத்துக்குள். மெசேஜைப் பூட்டி வைக்கும் வசதி உள்ள மாடல் ஒன்றும் அன்று கடையில் இருந்தது. விலை பார்த்து இதை வாங்கினேன்.

‘கடைசில போட்டானுங்க’ என்று துரைராஜ் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போட்டது நான். கூப்பிட்டு வராதவர் பெயர் கடைசிக்குப் போகும் என்ற விதி என்னுடையது. மேஸ்திரிக்கு வேண்டியவனுக்கே வேலை, டீ வாங்கிக் கொடுத்தவனுக்கே வேலை என்பதெல்லாம் இதோடு ஒழியும் என்று நினைத்தேன். ஒழியவும் செய்தது, இல்லையா? சிக்னல் ஓரத்தில் காலை முழுக்க நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புவது நின்றதே. அதையும் நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எழுதவில்லை என்று குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்றும் தெரியவில்லை.

மயிலாப்பூருக்குப் போன் பண்ணியபோது அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “கொத்தனார் அமாவாசைக்கு வரமாட்டான்னு நோக்குத் தெரியாதா? நம்மாத்து மாடி கட்டறச்சே அமாவாசைன்னா வேலை நின்னுடுமே. நீ அப்போ ஸ்கூல் போயிண்டிருந்தே.” எங்கள் வீட்டில் அமாவாசை தவறியதே கிடையாது லாரன்ஸ். அப்பா தர்ப்பணம் பண்ணாமல் காபிகூடக் குடிக்க மாட்டார். எனக்கு அமாவாசை என்றால் வாழைக்காய்க் கறியும் காக்கைக்குச் சோறும்தான். அன்று மாடியில் ஏன் சத்தம் இல்லை என்று நான் கேட்டதே இல்லை.

விதி போட்டபோது ஞாயிற்றுக்கிழமைக்கு விலக்கு வைத்தேன். பொங்கல், தீபாவளிக்கு வைத்தேன். அமாவாசையை யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

இங்கே எனக்கு என்ன வேலை என்று நான் கிளம்பும்போது கேட்டீர்களே. இரண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்களுக்கு எந்த வருஷம் என்று குழம்பிவிடும். ஒரு பெரிய பாங்கின் தேதிகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்துகிறோம். நாட்காட்டியைச் சரிபண்ணக் கடல் தாண்டிக் கூட்டி வந்திருக்கிறார்கள், என்னை.

பேஜரை ஆன் பண்ணாதீர்கள். வாரியத்தில் விசாரணை எப்போது?

சாருலதா


கோட்டூர்புரம்
8-1-1999

சாரு மேடத்துக்கு,

விசாரணை புதன்கிழமை நடப்பதாக இருந்தது. நடக்கவில்லை. பில்டரின் வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம். அடுத்தது பிப்ரவரி மூன்று. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். பேஜரை எடுத்துக் காட்டினேன். “இதைப் பத்திரமா வச்சிருங்க, அந்தப் பக்கமும் இருக்கிறப்போதான் நான் பார்க்க முடியும்” என்றார். பத்திரமாக வைத்திருப்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். அடையாறு டிப்போ பக்கத்தில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குப் போய், பேஜரைப் போட்டு அந்த மெசேஜை வரவைத்துக் கண்ணாடியில் கவிழ்த்து ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னேன். வெறும் கறுப்புக் கட்டம் வந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் மெசேஜ் ஒன்றும் உள்ளே வந்துவிட்டது, மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு சித்தாள் வேண்டுமாம். பன்னிரண்டு பதிமூன்றாகிவிட்டது. பிறகு போட்டோ ஸ்டூடியோ. அங்கே வைத்திருந்த நேரத்தில் இன்னொன்று. போட்டோவில் மூன்று ஒன்று ஒன்று தெரிகிறது, பின்னால் இருக்கிற நம்பர் மேல் வெளிச்சம் அடித்து வெள்ளையாகிவிட்டது. இதைக் காட்டினால் மழைக்காலத்து நிலா என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆக இப்போது பதினாலாவது. இன்னும் மூன்று மெசேஜ் வந்தால் துரைராஜ் வெளியே போய்விடுவான்.

நான் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சொல்லவில்லைதான். நான் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவன், எனக்கு அமாவாசையும் ஒன்றுதான் பௌர்ணமியும் ஒன்றுதான். அது மட்டும் இல்லை. விதியைப் படித்துக் காட்டிய அன்றைக்கு சித்தாள் முனியம்மாள் கேட்டாள், அமாவாசிக்குக் கூப்பிட்டால் என்ன பண்ணுவது என்று. நான்தான் சிரித்துவிட்டு, பேஜருக்கு அமாவாசை தெரியாது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். துரைராஜும் சிரித்தான்.

அந்த முனியம்மாள் இப்போது தினம் காலையில் பூத் வாசலில் வந்து நிற்கிறாள். நேற்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். “செத்தவன் ஒர்த்தனுக்காவ இத்தினி பேரு வயித்துல ஈரத்துணியப் போட்டுக்கினு கீறோம். மெசினு பேசுமா பேசாதா நைனா?” தேவானையும் அங்கேதான் நின்றிருந்தாள். முனியம்மாள் அவளைப் பார்க்காமல்தான் கேட்டாள். ஆனாலும் கேட்டாள்.

பாதிப் பேர் பழையபடி சிக்னலுக்கே போக ஆரம்பித்துவிட்டார்கள். நாம் இல்லாத இரண்டு வருஷத்தில் அங்கே வேறு ஆட்கள் வந்து இடம் பிடித்துவிட்டார்கள். நம் ஆட்களை நிற்கவே விடவில்லை.

கடிதம் வர பத்துப் பதினோரு நாள் ஆகிறது. ஏதாவது செய்வதாக இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள்.

லாரன்ஸ்


எடிசன், நியூ ஜெர்சி
19-1-1999

அன்புள்ள லாரன்ஸ்,

எக்காரணம் கொண்டும் ஆன் பண்ணாதீர்கள். முனியம்மாளுக்குக் கோபம் வருவது நியாயம்தான், ஆனால் அவளுக்கு நாளை வேலை கிடைக்கும், நாளை மறுநாள் கிடைக்கும். தேவானைக்கு இது ஒன்றுதான். பிப்ரவரி மூன்று வரைக்கும் இரண்டு வாரம்தானே. எல்லாரையும் உட்கார வைத்து எடுத்துச் சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

பேஜர் கம்பெனிக்குப் போய்க் கேளுங்கள். அவர்களிடம் பதிவு இருக்க வேண்டும். மேனேஜரைப் பார்த்தே தீருவேன் என்று நில்லுங்கள்.

ஒரு விஷயம். முனியம்மாள் அன்றைக்கே கேட்டாள் என்று இப்போதுதான் எழுதுகிறீர்கள். நான் அங்கே இருந்தபோது ஏன் சொல்லவில்லை? ஒரு வரி சொல்லியிருந்தால் விதியை மாற்ற எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நீங்கள் சிரித்த சிரிப்புக்கு அவன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்திருக்கிறான்.

மேலே எழுதியதை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை லாரன்ஸ். அதில் கொஞ்சம் நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. இது நல்ல எண்ணம் இல்லை என்று தெரிகிறது.

சாருலதா


கோட்டூர்புரம்
5-2-1999

மேடம்,

எடுத்துக்கொண்டேன். உங்கள் பங்குக்கு மேலேயே எடுத்துக்கொண்டிருக்கிறேன், கவலைப்பட வேண்டாம். அவன் வீட்டுக்கதவைத் தட்டியது நான். உங்களுக்கு அது ஒரு விதி. எனக்கு அது ஒரு கதவு.

‘இரண்டு வாரம்தானே’ என்று எழுதியிருந்தீர்கள். பொங்கலுக்கு யார் வீட்டில் பானை வைத்தார்கள், யார் வைக்கவில்லை என்று உங்களுக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உட்கார வைத்துச் சொல்லுங்கள் என்கிறீர்கள். சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். துரைராஜ் நல்லவன் என்றார்கள். மறுநாள் மூன்று குடும்பம் வேளச்சேரிப் பக்கம் செங்கல் இறக்கப் போய்விட்டது. எனக்குப் பேட்டரி வாங்கித் தந்தவர்களும் அவர்கள்தான், திட்டிவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான்.

பேஜர் கம்பெனியில் மேனேஜரைப் பார்த்தே தீர்ந்தேன். கம்ப்யூட்டரில் ஒரு மாதத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லையாம். நான் போனது அது கழிந்த பிறகு. முதலிலேயே வந்திருந்தாலும் கோர்ட் ஆர்டர் இல்லாமல் தந்திருக்க மாட்டோம் என்று ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் தேதியும் விசாரணை இல்லை. வக்கீல் வந்தார், பில்டர் வெளியூர். இனி மார்ச் பதினொன்று. அந்த வக்கீல் வராந்தாவில் என்னிடம் சிரித்துக்கொண்டே, “என்னப்பா, மிஷின் இன்னும் உயிரோட இருக்கா?” என்று கேட்டார். அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நாங்கள் எத்தனை நாள் பசி தாங்குவோம் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் பேஜரின் ஓரத்தில் பேட்டரிப் படம் மின்ன ஆரம்பித்தது. நீங்கள் சொன்னபடி புதியதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் மூடியைத் திறக்கத் தயங்குவதைப் பார்த்துவிட்டு தேவானையே வாங்கி மாற்றினாள். சாரத்தில் ஏறிக் கலவைச் சட்டியை நீட்டுகிற கை, கொஞ்சம்கூட ஆடவில்லை. மாற்றிவிட்டு, அவர் இருக்கிறாரா பார் என்றாள். பார்த்தேன். இருந்தான், பதினாலாவதாக. கொஞ்ச நேரம் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும்.

அவள் மகள் தமிழ்மொழி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். கம்பித் திருடன் மகள் என்று யாரோ சொன்னார்களாம்.

பூத்துக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். என்னைப் பார்த்தாலே பேஜர் ஞாபகம் வருகிறது போல. போன் பில் கட்டவில்லை. லைனை எப்போது வேண்டுமானாலும் வெட்டுவார்கள்.

லாரன்ஸ்


எடிசன், நியூ ஜெர்சி
17-2-1999

அன்புள்ள லாரன்ஸ்,

வழி கிடைத்துவிட்டது. இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். இத்தனை நாள் நான் அந்த பேஜரையும் அதன் நம்பரையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு. பேஜர் தொலைந்துபோனால் கம்பெனியில் அதே நம்பரை வேறொரு புது பேஜருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். இங்கே என்னோடு வேலை செய்கிற ஒருவர் தன் பேஜரை டாக்சியில் விட்டுவிட்டு அப்படித்தான் செய்தார். அவர் அலுப்போடு சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அதனால் புது பேஜர் ஒன்று வாங்குங்கள். நம்பரை அதற்கு மாற்றுங்கள். கூப்பாடெல்லாம் அதில் வரட்டும். பழையது யாராலும் தொட முடியாமல் அப்படியே இருக்கும். துரைராஜ் பதினாலாவதாகவே இருப்பான். முனியம்மாளுக்கும் வேலை, தேவானைக்கும் சாட்சி. அதற்கான பணத்துக்கு பாங்க் டிராஃப்ட் இதோடு வைத்திருக்கிறேன். பாண்டி பஜார் ஆபீசில் என்னோடு இருந்த சுஹாஸைப் போய்ப் பாருங்கள், கம்பெனி விஷயத்தை அவன் ஒரே நாளில் முடித்துக் கொடுப்பான்.

உடனே சொல்லிவிட வேண்டும் என்று, நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் போன் பண்ணிப் பார்த்தேன். மூன்று தடவை. இந்த எண் தற்காலிகமாக உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை சொல்கிறது. சுஹாஸ் கல்யாணத்துக்கு பெங்களூர் போயிருக்கிறானாம். அம்மாவை அனுப்பலாம் என்றால் அவள் கோட்டூர்புரம் பாலம் தாண்டி வந்ததே இல்லை, பூத்தையும் தெரியாது. அதனால் எக்ஸ்பிரஸில் அனுப்புகிறேன்.

தமிழ்மொழியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மார்ச் பதினொன்றுக்கு அப்புறம் யாரும் அவளை அப்படிச் சொல்ல முடியாது. போன கடிதத்தில் நான் எழுதியதை மன்னித்துவிடுங்கள். ரொம்ப நாளைக்கு அப்புறம் நேற்று தூங்கினேன்.

அன்புடன்,
சாரு


கோட்டூர்புரம்
22-2-1999

சாரு மேடத்துக்கு,

லைனை வெட்டிவிட்டார்கள். உங்களிடமிருந்து கடிதமும் இல்லை. காத்திருக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு வாயில்லை.

இன்று காலை தேவானை பூத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். வெளியே நிற்கவில்லை. மூன்று வாரமாக அவளும் சிக்னலுக்குப் போய் நிற்கிறாள், அது உங்களுக்குத் தெரியாது. கடைசி நான்கு நாளாக அவளை யாரும் கூப்பிடவில்லை. உள்ளே வந்து மேஜை மேல் கையை வைத்தாள்.

“ஆன் பண்ணு நைனா,” என்றாள்.

மார்ச் பதினொன்றுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் என்றேன். அன்றைக்கும் வக்கீலுக்கு வயிற்றுவலி வரும் என்றாள். ஆன் பண்ணினால் அவன் போய்விடுவான் என்றேன்.

“அவரு அன்னிக்கே பூட்டாரு. இதுல கீறது நம்பருதான். அத வச்சிக்கினு நான் சோறாக்க முடியுமா? முனிம்மா வூட்ல ரெண்டு நாளா அடுப்பு எரில. எங்கிட்ட வந்து கேக்க மாட்டா. கேட்டாகூடப் பரவால்ல. என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போறா. எம் புருசன வச்சி எல்லார் வயித்துலயும் அடிச்சிக்கினு கீறேன் நானு.”

நான் எடுக்கவில்லை. அவளே டிராயரைத் திறந்து எடுத்தாள். அதை எப்படிப் போடுவது என்று பேட்டரி மாற்றிய அன்றைக்கே பார்த்து வைத்திருக்கிறாள்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. இத்தனை நாள் அணைந்து கிடந்ததில் எல்லாரும் நம்மை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒன்று வந்தது, மயிலாப்பூரில் கொத்தனார் இரண்டு பேர். மதியத்துக்குள் இன்னொன்று, ஒரு சித்தாள். ஒவ்வொன்றுக்கும் தேவானை என்னிடம் பழைய மெசேஜ்களைத் தள்ளிப் பார்க்கச் சொன்னாள், இருக்கிறாரா என்று. பதினைந்து. பதினாறு. அந்தச் சித்தாள் வேலைக்கு முனியம்மாளை அனுப்பி வைத்தோம்.

மூன்று மணிக்கு வந்தது 3, 2, 1. தி.நகர், சித்தாள், ஒரு ஆள். பின்னால் அதே போன் நம்பர். அந்தக் கட்டடத்திலிருந்து அவனுக்கு வந்த நம்பரை வெளியே தள்ளுவதற்கு அதே கட்டடத்தின் நம்பரே வந்து நின்றது. நான் அதைப் படித்துச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. நம்பர் அவளுக்கு மனப்பாடம்.

முறைப்படி யார் என்று கேட்டாள். முறையெல்லாம் நான் எடுத்துவிட்டேன், துரைராஜ் போன மறுநாளே எடுத்துவிட்டேன், வர இஷ்டம் இருக்கிறவர்கள் போகலாம், போகாதவர்களை யாரும் கடைசியில் போட மாட்டார்கள் என்றேன். எத்தனை தடவை சொன்னாலும் இங்கே யாரும் அதை நம்புவதில்லை. தேவானையும் நம்பவில்லை. நாளைக் காலையில் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அதை எழுதாமல் இருந்திருக்கலாம். வேறு யாரிடம் சொல்வது?

லாரன்ஸ்


எடிசன், நியூ ஜெர்சி
5-3-1999

லாரன்ஸ்,

என் கடிதம் உங்களுக்கு எப்போது வந்தது என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டாம்.

டிராஃப்டை தேவானைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாரு


கோட்டூர்புரம்
17-3-1999

சாரு மேடத்துக்கு,

தேதியை எழுதவில்லை, நீங்கள் கேட்டுக்கொண்டபடி.

டிராஃப்டை தேவானை வாங்கிக்கொள்ளவில்லை. இது எதற்கு என்று கேட்டாள். பேஜருக்கு என்றால் ஏன் என்று கேட்பாள், அதற்கு நான் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்ட வேண்டும். அதனால் நீங்கள் அவளுக்கு அனுப்பிய உதவி என்று சொன்னேன். அந்தம்மாவுக்கு நான் என்ன செய்தேன், அவர்கள் எனக்கு எதற்குத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. இதோடு திருப்பி வைத்திருக்கிறேன்.

பதினொன்றாம் தேதி எல்லாரும் வந்துவிட்டார்கள். அதிகாரி, வக்கீல், பில்டர், ஒருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதிகாரி என்னைப் பார்த்து, அந்த மிஷினைக் கொடுங்கள் என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவரே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், கடைசி வரைக்கும். இதில் இல்லையே என்றார். இருந்தது சார் என்றேன். போட்டோவைக் காட்டினேன். அந்த வக்கீல் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்: “கொத்தனார் எவனாவது அமாவாசைக்கு வேலைக்கு வருவானா, இந்தம்மாவையே கேளுங்க சார்.” அதிகாரி தேவானையைக் கேட்டார். அவள் என்ன சொல்வாள்? வர மாட்டாங்க என்றாள். அதுதானே உண்மை. அவர் எங்கள் பக்கம் பரிதாபமாகத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே, வேலையில் இருந்தபோது நேர்ந்த விபத்து என்று நிரூபணம் ஆகவில்லை என்று எழுதிவிட்டார்.

இன்று அமாவாசை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். காலையில், துரைராஜைக் கூப்பிட்ட அதே நேரத்துக்கு, பேஜர் அடித்தது. 3, 2, 1, பின்னால் அந்த நம்பர். வேறு பூத்திலிருந்து பேசிக் கேட்டேன், சித்திரையில் கிரகப்பிரவேசமாம், கூட்டிப் பெருக்க ஆள் வேண்டுமாம். தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அமாவாசைக்கு அவர்கள் கூப்பிடுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இதைத் தூக்கிக்கொண்டு நான் யாரிடம் போவது?

தேவானையிடம் சொன்னேன், அமாவாசை, போக வேண்டாம், நான் உன்னைக் கடைசியில் போட மாட்டேன் என்று. அவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டே, “அப்டித்தான் சொல்லுவ நைனா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது மணி நான்கு. அவள் இன்னும் வரவில்லை. சைட் விட ஆறு ஆகும், தெரியும். ஆனாலும் பேஜரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

லாரன்ஸ்